ஒரே ஒரு தரம் மிச்சம்

தி. நகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் கண் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் பேர் கூப்பிட்டவர் மதிவாணன். அப்படியும் ஒரு உத்தியோகமா என்று கேட்பவர்கள் கண் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத புண்ணியவான்கள். கூடத்தில் எண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேருக்குக் கண் மங்கல், மீதிப் பேருக்குக் காதும் மந்தம். கையில் ஃபைலை வைத்துக்கொண்டு, பெயரை ஒரு தரம் சொல்லி, சரியான ஆளை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும். கத்தினால் டாக்டருக்குக் கோபம் வரும். மெதுவாகச் சொன்னால் ஒருவரும் அசைய மாட்டார்கள். மதிவாணன் கத்தவும் மாட்டார், முணுமுணுக்கவும் மாட்டார். அவர் கூப்பிட்டால் தூங்கிக்கொண்டிருப்பவர்கூட எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வருவார்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாது. ஐந்தாறு தலைமுறைக்கு முன்னால் அடையாற்றங்கரையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த ஒரு மனுஷன், அங்கே உலாவிக்கொண்டிருந்த ஒரு பேயைக் கட்டிக்கொண்டு நாலு பிள்ளை பெற்றான். ஊரே பேயை ஓட்டிக்கொண்டிருந்தபோது இவன் வீட்டுக்கு அழைத்து வந்து சோறு போட்டான். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த நாலு பிள்ளைகளின் வம்சம் இன்றைக்கு நூறு குடும்பமாவது இருக்கும். கரையில் இருந்த குடிசைகளை எடுத்தபோது பாதிப் பேர் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போனார்கள், மீதிப் பேர் கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டார்கள். யாருக்கும் பல் நீளமில்லை. கால் தரையில்தான் படுகிறது. ரேஷன் கார்டு இருக்கிறது. கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் வயதான காலத்தில் அவர்களுக்கு ஒரு வியாதி வரும். அதற்குப் பேரடைப்பு என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். இருட்டில் பேய் ஒருத்தரை இரண்டு தரம்தான் பெயர் சொல்லிக் கூப்பிடும், மூன்றாம் தரம் அதற்கு வாய் வராது என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் குறை ரத்தத்தில் இருக்கிறது. இளமையில் மனுஷ ரத்தம் அதை மூடி வைத்திருக்கும். அறுபதைத் தாண்டியதும் அந்த மூடி கழன்றுவிடும். அன்றிலிருந்து எந்தப் பெயரையும் இரண்டு தரம்தான் சொல்ல முடியும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் இல்லை, மிச்ச ஆயுளுக்கே இரண்டு தரம். மூன்றாவது தரம் வாய் திறக்கும், தொண்டை அடைத்துக்கொள்ளும். மற்றப் பேச்செல்லாம் நன்றாக வரும். அந்த ஒரு பெயர் மட்டும் வராது.

மருந்து கிடையாது. அந்த வம்சத்துப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு ஒரு பெயரோடு நிறுத்த மாட்டார்கள். தொட்டிலில் போடும் நாளிலேயே நாலைந்து பெயரைக் காதில் மும்மூன்று தரம் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால்தான் அது பெயர். பின்னால் நினைத்துக்கொண்டு வைத்தால் எடுபடாது. ஐந்து பெயர் இருந்தால் கிழவியான பிறகு பிள்ளையைப் பத்துத் தரம் கூப்பிடலாம். மதிவாணனின் அம்மா அவருக்கு மதிவாணன், சின்னமணி, கோதண்டம், துரை, மண்ணாங்கட்டி என்று ஐந்து பெயர் வைத்திருந்தாள். கடைசி மூன்று வருஷத்தில் அவற்றை ஒவ்வொன்றாகச் செலவழித்தாள். கடைசியாக ‘மண்ணாங்கட்டி’ என்று இரண்டாம் தரம் கூப்பிட்டுவிட்டு, தண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகு எட்டு நாள் இருந்தாள். அந்த எட்டு நாளும் மகனைப் பார்த்து வாயை வாயைத் திறந்தாள். அதை இவர் மறக்கவே இல்லை.

மறக்கவில்லையே தவிர, தன் மகள் விஷயத்தில் அந்தப் புத்தியைப் பயன்படுத்தினாரா என்றால் இல்லை. மனைவி தாயம்மா ஆற்றங்கரை வம்சம் கிடையாது, சாதாரண மனுஷி. பெண் பிறந்ததும் பொன்மணி என்று ஒரே ஒரு பெயர் வைத்தாள். அழகான பெயர், எதற்கு இன்னொன்று? வேண்டும் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு இவருக்குப் பயம். தனக்கு வியாதி வராமலே போகலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். இதில் வேடிக்கை, மகளுக்கு நாலு வயதானபோது தாயம்மா சொல்லிக்கொடுத்த பாடம். “யாராச்சும் கூப்ட்டா ஒடனே ஏன்னு கேக்காத. மூணு தரம் கூப்டட்டும், அப்பால போ. பேயா இருந்தா மூணாவது தரம் கூப்டாது.” பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேய் வம்சத்துக்காரர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

பொன்மணி அந்தப் பாடத்தை விடவே இல்லை. சாப்பிட வா என்றாலும் மூன்று தரம் கூப்பிட வேண்டும். படிக்கிற பெண்ணானாள், மருந்துக் கடையில் வேலைக்குப் போனாள், கல்யாணமாகி அடையாறுக்குப் போனாள், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை மூன்று லட்சுமிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முதல் லட்சுமி வந்தாள், இரண்டாவது லட்சுமி வந்தாள். மூன்றாவது ஃபைலை எடுத்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார், கோவிந்தராஜ் என்று கணீரென்று வந்தது. மதிவாணனுக்குப் புரிந்துவிட்டது. தாயம்மா இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கே.கே. நகரில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருக்கலாம்.

அவர் முதலில் யோசித்தது லட்சுமியைப் பற்றி இல்லை. சனிக்கிழமை வரைக்கும் எத்தனையோ லட்சுமிகளைக் கூப்பிட்டிருக்கிறார். ஆகவே வியாதி வந்தது ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில். திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் மகளுக்குப் போன் செய்திருந்தார். “பொன்மணி, சாப்டியா?” என்று கேட்டிருந்தார். அவள் சாப்பிட்டேன் என்றாள், வைத்துவிட்டார். ஒன்று போய்விட்டது என்றே வைத்துக்கொண்டார். வாழ்நாளுக்கு இருந்தது இரண்டு. அதில் ஒன்று இட்லிக்குப் போயிற்று.

மிச்சம் ஒன்று. அதைக் கடைசிக்கு என்று எடுத்து வைத்தார். தன்னுடைய கடைசி நாளில், மூச்சு நிற்பதற்கு முன்னால் ஒரு தரம் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அன்றிலிருந்து மகளிடம் பேசும்போது “ம்மா” என்பார், “இந்தாம்மா” என்பார். மற்றவர்களிடம் “எம் பொண்ணு” என்பார். தெருவில் எல்லாரும் நைனா, எல்லாரும் மாமா. வயசான காலத்தில் ஆள் கலகலப்பாகிவிட்டார் என்று கே.கே. நகர் மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கலகலப்பெல்லாம் எடுபடவில்லை. ஒரு வாரத்துக்குள் சாந்தி, குமார், சரஸ்வதி எல்லாம் தீர்ந்துபோயின. வரவேற்பு மேஜையில் இருந்த ஜஹீதா என்கிற பெண்ணின் பெயரும் போயிற்று. அவள்தான் முதலில் கவனித்தாள். ஒரு நாள் ஃபைலில் பொன்மணி, வயது ஐம்பத்திரண்டு என்று இருந்தது. மதிவாணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றினார். ஒவ்வொரு பெண்ணிடமும் போய், “உங்க சீட்ட காட்டுங்கம்மா” என்று கேட்டுக் கேட்டு, பதினேழாவது நாற்காலியில் அந்த அம்மாளைக் கண்டுபிடித்தார். உள்ளே டாக்டர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணா, இன்னா ஆச்சு உங்களுக்கு? வாயத் தொறந்து ஒரு பேரு கூப்ட முடியாதா?” என்றாள் ஜஹீதா.

“அந்தப் பேர மட்டும் முடியாதும்மா.”

நல்ல பெண். அடுத்த மாதமே டாக்டரிடம் சொல்லி, நம்பர் எரிகிற பலகை ஒன்றைச் சுவரில் மாட்ட வைத்தாள். மதிவாணனைச் சொட்டு மருந்து போடும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே பெயர் தேவையில்லை. அண்ணாந்து பாருங்க, கண்ண மூடிக்கோங்க, அரை மணி கழிச்சுத் தொறங்க. நாள் முழுக்க, கண்ணை மூடிக்கொண்டிருக்கிற மனிதர்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார்.

மகள் மாறிப்போனாள். முதலில் வாரம் மூன்று போன் வந்தது, அது ஒன்றாயிற்று, அதுவும் மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தால்தான் என்று ஆயிற்று. என்ன காரணம் என்று இவருக்குப் பிடிபடவில்லை. அவளுக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு இரண்டு தோசை வார்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் தனியாக இருந்து பார்த்ததில்லை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொட்டில் போட்டு யாழிசை என்று பெயர் வைக்கிறார்கள். ஒரே ஒரு பெயர்.

மதிவாணன் அந்த அழைப்பைத் திரும்பத் திரும்பப் படித்தார். பொன்மணி உடம்பிலும் அந்த ரத்தம்தானே ஓடுகிறது? இன்னும் முப்பது வருஷம் போனால் அவளும் வாயைத் திறந்து திறந்து மூடுவாள். ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிட்டால் பிறகு எந்தப் பெயரும் எடுபடாது. இவரே போய்க் குழந்தையின் காதில் நாலு பெயர் சொல்லிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. எதையும் மூன்று தரம் சொல்ல இவருக்கு வாய் ஏது? பெற்றவளே சொல்ல வேண்டும். பெற்றவளிடம் இவர் உண்மையைச் சொல்ல வேண்டும். முப்பத்துநாலு வருஷம் மூடி வைத்ததை மூன்று நாளுக்குள் திறக்க வேண்டும்.

வியாழக்கிழமை போன் செய்தார். “ம்மா, ஒண்ணு பேசணும்.”

“இன்னா, சொல்லு.”

பின்னால் அவளுடைய மாமியாரின் குரல் கேட்டது. “ஒண்ணுமில்ல, நேர்ல வந்து சொல்றேன்” என்று வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று. சனிக்கிழமை போனைக் கையில் எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கோழை என்று அவரைத் திட்டலாம். அவரே திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறு வீட்டில் முப்பது பேர் இருந்தார்கள். இரண்டாவது மாடி, வாசல் முழுக்கச் செருப்பு. “வாங்க சம்பந்தி” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பொன்மணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “வா” என்று மட்டும் சொன்னாள். அவளைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்து, காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அப்பா சொன்னார், அம்மா சொன்னாள். “பொண்ணோட அப்பா வாங்க” என்று இவரைத் தள்ளிவிட்டார்கள்.

மதிவாணன் குனிந்தார். குழந்தை பால் வாசனையோடு இருந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. “யாழிசை” என்றார். “யாழிசை” என்றார். நிறுத்தினார்.

“மூணு தரம் சொல்லணும் சம்பந்தி.”

வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பொன்மணி குழந்தையை வெடுக்கென்று எடுத்து மாமியார் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவின் முழங்கையைப் பிடித்துத் துணி உலர்த்தும் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“எம்மேல இன்னா கோவம் உனுக்கு?” என்றாள். “ரெண்டு வருசமா எம்பேர உன் வாயால சொல்லல நீ. நானும் பாத்துக்கினேதான் கீறேன். கல்யாணம் பண்ணிக்கினு உன்ன தனியா வுட்டு வந்துட்டேன்னு கோவமா? கோவம்னா எங்கையில காட்டு. கொழந்த இன்னா பண்ணுச்சு? அது பேரக்கூட முழுசா சொல்ல மாட்டியா?”

இரண்டு வருஷமாகப் போன் குறைந்ததற்குக் காரணம் இதுதானா? அவர் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார், அவள் அதை வெறுப்பு என்று நினைத்திருக்கிறாள். காய்கிற துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஆற்றங்கரையைச் சொன்னார், ரத்தத்தைச் சொன்னார், ஒரே பெயரில் மூன்று பேர் வந்த திங்கட்கிழமையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னார்.

பொன்மணி நம்புவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் ஈரத் துணி ஒன்றைத் தேவையில்லாமல் நீவி விட்டுக்கொண்டிருந்தாள். “ஆயா உன்ன ஒவ்வொரு தரமும் ஒரு பேரு சொல்லிக் கூப்டுமே. புத்தி மாறிப்போச்சுன்னு அம்மா சொல்லும். அதுவா?”

“அதான்.”

“அப்ப எனுக்கும் வருமா?”

“வரும்மா. அதான் சொல்றேன். இன்னிக்கே இன்னும் நாலஞ்சு பேரு வெச்சுடு.”

“எம்பேரு எத்தினி கீது உங்கையில?”

“ஒண்ணு.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இவங்ககிட்ட எதுவும் சொல்லாத” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அதன் காதருகே குனிந்தாள். தாயம்மா, தாயம்மா, தாயம்மா. செவந்தி, மூன்று தரம். குயிலி, மூன்று தரம். பட்டு, மூன்று தரம். “இன்னாடி இது, ஒரு கொழந்தைக்கு இத்தினி பேரு?” என்றாள் மாமியார். “செல்லப் பேருங்க அத்த” என்றாள் பொன்மணி. கடைசியாக, மண்ணாங்கட்டி என்று மூன்று தரம் சொன்னாள். கூடம் கொல்லென்று சிரித்தது. மதிவாணன் பால்கனிக் கதவுக்குப் பின்னால் நின்று கணக்குப் போட்டார். யாழிசை என்ற பெயர் இவருக்கு வந்த அன்றைக்கே தீர்ந்துவிட்டது. ஆனால் புதிதாக ஐந்து. பத்துத் தரம் கூப்பிடலாம். அதில் தாயம்மா என்ற பெயரை, கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லாமல், நாலு வருஷமாக அப்படியே வைத்திருந்தார்.

பந்தி போடுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். அழுத முகத்தோடு முப்பது பேர் நடுவே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. பொன்மணி கீழே கேட் வரைக்கும் கூடவே இறங்கி வந்தாள்.

“அந்த ஒண்ண எதுக்கு வெச்சிருக்க?” என்று கேட்டாள்.

“கடசியில, போற நேரத்துல…”

“நீ கே.கே. நகர்ல போவ. நான் இங்க இருப்பேன். யாரு காதுல வுழும்?” கோபமாகத்தான் கேட்டாள். பிறகு குரல் இறங்கிற்று. “சரி, வெச்சுக்கோ. உன் இஷ்டம். பாத்துப் போ.”

அவர் தெருமுனையை நோக்கி நடந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் ஆள் இல்லை. இருபது அடி நடந்திருப்பார். கே.கே. நகர் அறை ஞாபகத்துக்கு வந்தது. கட்டில், ஸ்டவ், சுவர். தான் அந்தக் கட்டிலில் கிடந்து, பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து, அந்தச் சுவரைப் பார்த்துக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ போய்க்கொண்டிருக்கும்.

நின்று திரும்பினார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்துவிட்டாள்.

“பொன்மணி” என்றார்.

நாலு வயதிலிருந்து மூன்று தரம் கூப்பிடாமல் திரும்பாத பெண் அவள். இன்னும் இரண்டு தரம் கூப்பிட அவரிடம் எதுவும் இல்லை. கையை மார்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னாப்பா?” என்று சட்டென்று திரும்பினாள்.

கூப்பிட்டாயிற்று. கூப்பிட்டால் ஏதாவது சொல்ல வேண்டுமே. இரண்டு வருஷமாகக் காத்து வைத்ததற்குத் தகுந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

“சாப்டியா?” என்று கேட்டார்.